அகன்ற முதுகுக் குதிரைக்குப் பொருந்தும் சேணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை லாயங்களில் தொங்கும் சேணங்களில் பெரும்பாலானவை பந்தய ஓட்டத்தை முடித்துவிட்டு வந்த தரோபிரெட் குதிரைகளுக்காக வாங்கியவை. ஒல்லியான உடம்பு, உயர்ந்த விதர்ஸ் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேடு), நீண்ட முதுகு என்று இருக்கும் குதிரைக்கு அளவெடுத்த சேணத்தை உருண்டு திரண்ட குதிரையின் மேல் தூக்கி வைத்தால் சிக்கல்தான். கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

காப் என்பது இனமா? என் குதிரை காப்தானா?

பொதுவாகச் சொன்னால் அது இனம் அல்ல, உடல்வாகு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குட்டையான கால், பருத்த உடம்பு, வலுவான கழுத்து, சாதுவான குணம் கொண்ட சவாரிக் குதிரையை அப்படி அழைக்கிறார்கள். அங்குள்ள கண்காட்சிப் போட்டிகளில் காப் குதிரை 155 செ.மீ. உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கனரகக் காப் என்றால் சுமார் 89 கிலோவுக்கு மேற்பட்ட ஆளைச் சுமக்க வேண்டும். விதிவிலக்காக, வெல்ஷ் காப் பதிவேடு வைத்துப் பேணப்படும் இனம்.

நம் ஊரில் அந்த இனத்தின் பெயர்ச் சான்றிதழோடு வரும் குதிரையைத் தேட வேண்டாம். உடம்பைப் பாருங்கள். விதர்ஸ் தெரிந்தும் தெரியாமலும் தாழ்வாக இருக்கிறதா? விலா எலும்புகள் வெளிப்பக்கம் நன்றாக வளைந்து இறங்குகின்றனவா? முதுகு குட்டையாக, குறுக்கே தட்டையாக இருக்கிறதா? அப்படியென்றால் அது கலப்புக் குதிரையோ, அந்தியூர் சந்தையில் பிடித்து வந்த மட்டக்குதிரையோ, எதுவானாலும் சரி, இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

“வைட்” என்று எழுதிய சேணத்தைத்தான் வாங்கினேன். அப்படியும் உருள்கிறது. ஏன்?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. சேணத்துக்குள்ளே ட்ரீ என்ற ஒரு சட்டம் இருக்கிறது. மரம், ஃபைபர், பிளாஸ்டிக் ஏதாவது ஒன்றில் செய்து, இரும்புப் பட்டை வைத்து முடுக்கியிருப்பார்கள். அதன் முன்பக்க வளைவுதான் குதிரையின் தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இறங்கி உட்காரும். “மீடியம்”, “வைட்”, “எக்ஸ்ட்ரா வைட்” என்று எழுதியிருப்பதெல்லாம் அந்த வளைவின் இரு முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டுமே சொல்கின்றன. அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. ஒருவருடைய வைட் இன்னொருவரிடம் மீடியமாக இருக்கும். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் என்று ஒன்று கிடையாது.

தூரத்தைவிட முக்கியம் வளைவின் வடிவம். தரோபிரெட்டுக்கான ட்ரீ தலைகீழ் V போல, மேலே கூர்மையாகத் தொடங்கிச் சரிந்து இறங்கும். அகன்ற குதிரைக்கு வேண்டியது தலைகீழ் U. அதன் மேல்பக்கமே அகலமாக இருக்கும். V வடிவத்தை எவ்வளவுதான் அகட்டினாலும் மேல் மூலை குறுகலாகவே நிற்கும். அது முதுகின் மேற்பகுதியில் இரண்டு இடத்தில் மட்டும் பட்டு, மேலேயே தொற்றிக்கொண்டிருக்கும். அங்கவடியில் ஒரு காலை ஊன்றியதும் உருளுவது அதனால்தான். இன்னும் பெரிய நம்பர் வாங்கினால் சரியாகிவிடும் என்று அடுத்த அளவுக்குப் போவார்கள். அப்போது முன்பக்கம் தொபுக்கென்று இறங்கி விதர்ஸில் உட்காரும், உருளுவதும் நிற்காது. இந்த U வடிவ ட்ரீக்கு ஹூப் ட்ரீ என்று பெயர். கடைக்காரரிடம் முதலில் “இது ஹூப் ட்ரீயா?” என்று கேளுங்கள். நம்பரை அப்புறம் பேசலாம்.

அடிப்பக்கத்து மெத்தையையும் புரட்டிப் பாருங்கள். பேனல் என்பார்கள். உயர்ந்த விதர்ஸ் உள்ள குதிரைக்கு அதன் முன்பகுதியில் பக்கவாட்டுக் குழியை நிரப்பக் கூடுதல் திணிப்பு வைத்திருப்பார்கள். காப் குதிரைக்கு அங்கே குழியே இல்லை. அந்தத் திணிப்பு சும்மா முட்டிக்கொண்டு நிற்கும். தட்டையான, அகலமான, சீராகப் படியும் பேனல்தான் இந்த முதுகுக்குத் தேவை.

இறுக்கமா, தளர்வா என்று பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்தா (சேணத்துக்கடியில் போடும் கம்பளி விரிப்பு), பேட் எதுவும் இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள். கர்த், அதாவது சேணத்தைப் பிடித்து நிறுத்தும் வயிற்றுப் பட்டை, கட்ட வேண்டாம். பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

முன்பக்கம் தூக்கிக்கொண்டு, உட்காரும் குழியின் ஆழமான இடம் பின்னால் போயிருந்தால் ட்ரீ குறுகல். ஏறி உட்கார்ந்தால் நீங்கள் பின்னால் சாய்வீர்கள், கால் முன்னால் போகும். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் மேலே நின்றால் ட்ரீ அகலம் அதிகம். உட்கார்ந்தால் முன்னால் தள்ளும். குழியின் ஆழமான இடம் நடுவில் இருக்க வேண்டும். அங்கே ஒரு கோலிக்குண்டை வைத்தால் முன்னும் பின்னும் ஓடாமல் அங்கேயே நிற்க வேண்டும்.

அப்புறம் ஒரு கையை முன்வளைவிலும் மறு கையைப் பின்வளைவிலும் வைத்து மாறி மாறி அழுத்துங்கள். சேணம் முன்னும் பின்னும் ஆடினால் ட்ரீயின் அடிப்பக்கம் முதுகைவிட அதிகமாக வளைந்திருக்கிறது. காப் குதிரைகளின் முதுகு நீளவாக்கிலும் பெரும்பாலும் தட்டை என்பதால் இது அடிக்கடி நடக்கும். இதற்கு நேர்மாறாக, முன்னும் பின்னும் படிந்து நடுவில் மட்டும் கை நுழைகிற இடைவெளி இருந்தால் பாரம் முழுவதும் நான்கு மூலைகளில் இறங்குகிறது என்று அர்த்தம். இரண்டும் ஆகாது.

சேணம் முதுகில் எந்த இடத்தில் உட்கார வேண்டும்?

முன் எல்லை தோள் எலும்பு. முன்கால் முன்னே நீளும்போது அந்த எலும்பின் மேல்முனை பின்னோக்கிச் சுழலும். அதற்கு இடம் விட, ட்ரீயின் முனை தோள் எலும்பின் பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி இருக்க வேண்டும். நிறையப் பேர் சேணத்தைக் கழுத்துப் பக்கமாகத் தள்ளி வைக்கிறார்கள். விதர்ஸுக்கு முன்னால் வைத்து, முடி படியும் திசையில் பின்னோக்கி இழுங்கள். தானாக நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

பின் எல்லை கடைசி விலா எலும்பு. குதிரைக்கு விலா எலும்பு 18 ஜோடி. கடைசி விலாவை விலாப்புறத்தில் விரலால் கண்டுபிடித்து, அது வளைந்து மேலேறும் வழியிலேயே தண்டுவடம் வரை போங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இடுப்பு முதுகு. அங்கே தாங்குவதற்கு விலா கிடையாது, ஆகவே ஆள் பாரம் போகக் கூடாது. கொழுத்த குதிரையில் கடைசி விலா கைக்குச் சுலபமாகச் சிக்காது. கொஞ்சம் அழுத்தித் தடவினால் தெரியும்.

வீட்டிலேயே முதுகை அளவெடுக்க முடியுமா?

முடியும். வரைபடம் போடும் மாணவர்கள் வாங்கும் வளையும் ரப்பர் ஸ்கேல் ஒன்று உண்டு. ஃப்ளெக்சிபிள் கர்வ் என்று கேட்டால் தருவார்கள். வளைத்தால் வளைத்தபடியே நிற்கும். 60 செ.மீ. நீளமாவது வாங்குங்கள். இந்த அகல முதுகுக்கு 30 செ.மீ. காணாது. கூடவே ஒரு சார்ட் பேப்பர், மார்க்கர் பேனா, குதிரையின் மேல் குறிக்கச் சாக்பீஸ்.

சமமான சிமெண்ட் தரையில் நான்கு காலும் சதுரமாக ஊன்றி நிற்க வேண்டும். மணலிலோ லாயத்து வைக்கோலிலோ நிறுத்தி எடுத்தால் ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் பெரும்பாலும் பாடு. “அண்ணே, தலையை நேரா புடிங்க, அது கொள்ளுப் பையையே பாக்குது” என்று குதிரைக்காரரிடம் சொல்லிக்கொண்டேதான் வேலை நடக்கும். தலை கீழே போனால் முதுகு உயரும், பக்கவாட்டில் திரும்பினால் ஒரு தோள் முன்னே போகும். இரண்டிலும் கோடு கெட்டுவிடும்.

முதல் கோடு தோள் எலும்பின் பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, ட்ரீயின் முனை வரும் இடத்தில். ஸ்கேலின் நடுவைத் தண்டுவடத்தில் வைத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தி, தோலோடு ஒட்டவையுங்கள். அழுத்தம் போதும், தசையை நசுக்க வேண்டாம். பின்பு இரு கைகளாலும் நேராக மேலே தூக்கிப் பேப்பரில் வைத்து உட்பக்கத்து ஓரமாகக் கோடு போடுங்கள். வெளிப்பக்கம் போட்டால் ஸ்கேலின் தடிமனும் சேர்ந்துகொள்ளும். இடது, வலது என்று எழுதாமல் விட்டால் அந்தப் பேப்பர் பிறகு பயன்படாது. இரண்டாவது கோடு முதுகின் மிகத் தாழ்ந்த இடத்தில், மூன்றாவது கடைசி விலாவில். நான்காவது, விதர்ஸிலிருந்து பின்னோக்கித் தண்டுவடத்தின் மேலேயே நீளவாக்கில். தேதி போட்டு வையுங்கள்.

முதல் கோட்டின்படி அட்டையை வெட்டி, கவிழ்த்து வைத்த சேணத்தின் முன்வளைவுக்குள் செருகிப் பாருங்கள். அட்டையின் சரிவும் பேனலின் சரிவும் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். மேலே மட்டும் முட்டினால் ட்ரீ வடிவம் குறுகல். கீழ் முனைகள் மட்டும் முட்டினால் அளவு குறுகல். கடைக்குக் குதிரையைக் கொண்டுபோக முடியாது, அட்டையைக் கொண்டுபோகலாம்.

இடது கோடும் வலது கோடும் ஒன்றாக இல்லையே என்று பதற வேண்டாம். பெரும்பாலான குதிரைகளுக்கு ஒரு தோள் பெரிதாகத்தான் இருக்கும். சேணத்தைப் பெரிய தோளுக்குப் பொருத்திவிட்டு, சின்னப் பக்கத்தைத் திணிப்பால் சரிசெய்வது வழக்கம்.

இரண்டு பேனலுக்கும் நடுவில் ஓடும் வாய்க்கால் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

மூன்று நான்கு விரல் அகலம், முன்னிருந்து பின்வரை அதே அளவில். பின்னால் போகப்போகக் குறுகினால் வேண்டாம். தண்டுவடத்தின் மேலோ அதன் இரு ஓரங்களிலோ பேனல் படக் கூடாது. ஆள் ஏறியபின் பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முன்பக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும்.

கீழே தடித்த பேட் போட்டால் உருளுவது நிற்காதா?

குறுகலான சேணத்துக்குக் கீழே தடித்த பேட் போடுவது, கடிக்கிற செருப்புக்குள் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி. இருக்கிற இடமும் போகும். தாழ்ந்த விதர்ஸில் தடித்த பேட் சேணத்தை இன்னும் மேலே தூக்கிவிடும், உருளல் கூடும். மெல்லிய பருத்தித் துணி பேட் ஒன்று போதும். விதர்ஸின் மேல் அது இறுக்கிக்கொண்டு நிற்காமல், முன்வளைவுக்குள் மேலே தூக்கிவிட்டுக் கட்டுங்கள்.

கொஞ்சம் அகலமான சேணத்துக்கு, குதிரை இளைத்திருக்கும் காலத்தில் மட்டும், பேட் உதவும். பழைய குதிரைப்படைகளில் சேணத்துக்குக் கீழே கம்பளியை மடித்துப் போட்டதும் அதற்குத்தான். படையெடுப்பில் குதிரை இளைக்க இளைக்க மடிப்பை மாற்றிக்கொள்வார்கள்.

சேணம் கழுத்துப் பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது.

கர்த் எங்கே போய் நிற்க விரும்புகிறது என்று பாருங்கள். முன்காலுக்குப் பின்னால், நெஞ்சு குறுகும் ஓர் இடம் உண்டு. எங்கே கட்டினாலும் நடக்க நடக்கக் கர்த் அந்தப் பள்ளத்துக்கு வந்துவிடும். வயிறு பெருத்த குதிரைகளில் அந்தப் பள்ளம் முழங்கைக்கு ஒட்டினாற்போல முன்னாலேயே இருக்கும். சேணத்திலிருந்து தொங்கும் பட்டைகள் அதற்குப் பின்னால் இருந்தால், கர்த் முன்னால் போகும்போது சேணத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

காப் குதிரைக்கான சேணங்களில் ட்ரீயின் முனையிலிருந்தே இறங்கும் ஒரு முன்பட்டை வைத்திருப்பது இதற்காகத்தான். அந்தப் பட்டையையும் பின்னால் இருக்கும் ஒன்றையும் சேர்த்துக் கட்டினால் சேணம் முன்னும் பின்னும் அசையாது. பட்டைகளை இடம் மாற்றித் தைக்க நல்ல தையல்காரர் கிடைத்தால் பழைய சேணத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் ட்ரீயோடு சேரும் இடத்தில் கை வைக்கிற வேலை, செருப்புக் கடைத் தையல் அல்ல. முழங்கைக்கு இடம் விட்டு வளைந்திருக்கும் கர்த்தும் கிடைக்கிறது, நன்றாகவே உதவும். வாலுக்கடியில் போகும் கிரப்பர் பட்டை, இறக்கத்தில் ஓடும் மட்டக்குதிரைகளுக்கு நியாயமான துணை. பொருந்தாத சேணத்தைப் பிடித்து நிறுத்த அதைக் கட்டினால் வால் அடியில் புண்தான் மிஞ்சும்.

கர்த்தை இன்னும் இரண்டு ஓட்டை ஏற்றி இறுக்குவதைத்தான் எல்லா லாயத்திலும் முதல் வைத்தியமாகச் செய்கிறார்கள். மூச்சு முட்டும், குதிரை அடுத்த முறை சேணத்தைக் கண்டாலே காதை மடக்கும். கட்டும்போதே கடிக்க வருகிறது என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது எத்தனையாவது ஓட்டை என்பதைத்தான்.

முன்னால் போகவில்லை, எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது.

சேணத்தைக் குறை சொல்வதற்கு முன் மூன்று சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்கள். ஒரு பக்கம் பாரம் போட்டு உட்கார்கிறீர்களா, அங்கவடி வார்கள் ஒரே நீளமா என்று பின்னாலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடப்பக்க வார் காலப்போக்கில் நீண்டுவிடும், ஏனென்றால் எல்லோரும் அந்தப் பக்கம் ஏறுகிறார்கள். இரண்டு வார்களையும் அவ்வப்போது பக்கம் மாற்றுங்கள். தரையிலிருந்து தொற்றி ஏறாமல் ஒரு மேடை வைத்து ஏறுங்கள். உருண்டையான குதிரைக்கு அது கட்டாயம்.

இரண்டு, திணிப்பு ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா என்பது. மூன்றாவதுதான் பலருக்குத் தோன்றாதது: பின்காலில் லேசான நொண்டல் இருந்தாலும் சேணம் ஒரு பக்கமாக நழுவும். கண்ணுக்கு நொண்டல் தெரியாத அளவில் இருந்தாலும் நழுவும். வேறு ஆள் ஏறியும், வேறு சேணம் போட்டும் அதே பக்கம் போனால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குதிரையையும் பார்க்கிறார்கள்.

சேணம் சின்னதா, குதிரை குண்டா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், பல சமயம் இரண்டாவதுதான். இந்த உடல்வாகுக் குதிரைகள் குறைந்த தீனியிலேயே உடம்பு போடும். பந்தயக் குதிரைக்குப் போடும் கணக்கில் கொள்ளும் தவிடும் ஓட்ஸும் வைத்துவிட்டு, இடம் இல்லை, வெயில், மழை என்று வேலை மட்டும் அரைமணி நேரம் வாங்கினால் எங்கே போகும்? தோளுக்குப் பின்னாலும் வால் அடியிலும் கழுத்து உச்சியிலும் கொழுப்பாகச் சேரும்.

1983-இல் அமெரிக்காவில் ஹெனகே வகுத்த 1 முதல் 9 வரையிலான உடல்நிலை மதிப்பெண் முறையைப் பயன்படுத்துங்கள். 5 நடுநிலை. விலா கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். கையால் அழுத்தியும் விலா தேட வேண்டியிருந்தால் 7, அதற்கு மேல். அந்த நிலையில் புதுச் சேணத்துக்குப் பணம் போடாதீர்கள். இளைத்ததும் அது பொருந்தாது. முதலில் தானியத்தைக் குறைத்து, புல்லையும் வைக்கோலையும் அளந்து போட்டு, நடையைக் கூட்டுங்கள். பட்டினி போட வேண்டாம், மட்டக்குதிரைகளுக்கு அது ஆபத்து.

கழுத்து உச்சிக் கொழுப்பு கட்டியாக இறுகியிருந்தால், குளம்பு சூடாக இருந்தால், கல் தரையில் நடக்கத் தயங்கினால் அது சேணம் பற்றிய பிரச்சினையே அல்ல. அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.

முன்தகடு மாற்றக்கூடிய சிந்தெடிக் சேணம் வாங்கினால் எல்லாக் குதிரைக்கும் போடலாமாமே?

எல்லாக் குதிரைக்கும் என்பது விளம்பரப் பேச்சு. தகடு மாற்றினால் மாறுவது முன்வளைவின் அகலம் மட்டும். ட்ரீயின் உடம்பும் பேனலின் சரிவும் வாய்க்காலும் அப்படியேதான் இருக்கும். ஒல்லிக் குதிரைக்கான மாடலில் மிகப் பெரிய தகட்டைப் போட்டாலும் அது காப் சேணம் ஆகாது. ஆனால் ஆரம்பத்திலேயே அகன்ற முதுகுக்கென்று செய்த மாடலை எடுத்து, அதில் தகடு மாற்றும் வசதியும் இருந்தால் அருமை. பருவத்துக்குப் பருவம் உடம்பு ஏறி இறங்கும் குதிரைக்கு அது காசு மிச்சம். ஆஸ்திரேலியாவின் வின்டெக்கில் வைட் என்று தனி மாடல் உண்டு. இங்கிலாந்தின் தரோகுட், கென்ட் அண்ட் மாஸ்டர்ஸ் இரண்டிலும் காப் என்று தனி வரிசையே உண்டு. இறக்குமதி என்பதால் விலையோடு சுங்கமும் கூரியரும் சேரும். திருப்பி அனுப்புவது லேசான காரியம் அல்ல, அதனால்தான் அளவு அட்டை.

கான்பூரில் சொல்லிச் செய்யலாமா?

தாராளமாக. 1863-இல் அங்கே அரசுச் சேணத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. சுற்றியுள்ள பட்டறைகள் உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கின்றன. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய சேணங்களிலும் கணிசமானவை அங்கே தைத்தவைதான்.

சிக்கல் தரத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு. தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே ட்ரீ கோணலாக இருக்கும். ஆர்டர் கொடுக்கும்போது “வைட் வேணும்” என்று சொல்லி முடிக்காதீர்கள். நான்கு கோடுகளையும் நிஜ அளவில் அனுப்புங்கள். போட்டோவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அளவு சிதைந்துவிடும், பேப்பரையே தபாலில் போடுங்கள். ஹூப் ட்ரீ, தட்டைப் பேனல், முன்பட்டை, வாய்க்கால் அகலம் என்று எழுத்தில் கேளுங்கள். திணிப்பு கம்பளியாக இருக்கட்டும். ஃபோம் என்றால் பிறகு சரிசெய்ய வழியில்லை. தைத்து முடிப்பதற்கு முன் வெறும் ட்ரீயின் மேல் உங்கள் அட்டையை வைத்துப் படம் கேட்டால் நல்ல பட்டறைக்காரர் அனுப்புவார். மழுப்புகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழைய சேணம் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ட்ரீ உடைந்திருக்கிறதா என்பதைத்தான். பின்வளைவை வயிற்றில் அணைத்துக்கொண்டு முன்வளைவை உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் ட்ரீயில் லேசான நெகிழ்வு இருக்கும். இருக்கையின் நடுவில் தோல் ஆழமாகச் சுருங்கினாலோ, கறகறவென்று சத்தம் வந்தாலோ வாங்காதீர்கள். முன்வளைவின் இரு முனைகளையும் முழங்கால்களுக்கு இடையில் வைத்து அழுத்துங்கள், கொஞ்சமும் அசையக் கூடாது. பின்னாலிருந்து பார்த்து இரண்டு பேனலும் ஒரே உயரமா என்று கவனியுங்கள். கடற்கரையோரம், ஈசிஆர் பக்கம் இருந்த சேணம் என்றால் அங்கவடி மாட்டும் இரும்புக் கொக்கியையும் ஆணிகளையும் துருவுக்காகச் சுரண்டிப் பாருங்கள். வெளித்தோலுக்கு மட்டும் எண்ணெய் பூசி விற்பார்கள், உப்புக்காற்று உள்ளே தின்றிருக்கும்.

விற்பவர் முன்பக்க வளையத்திலிருந்து வளையத்துக்கு இத்தனை அங்குலம் என்று அளவு சொன்னால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வளையத்தை எங்கே தைப்பது என்பது ஒவ்வொரு பட்டறையின் இஷ்டம்.

ட்ரீயே இல்லாத சேணம்?

நடைச் சவாரிக்குச் சிலருக்கு ஒத்துவருகிறது. தண்டுவடத்துக்கு இடம் விடும் தனி பேட் அவசியம். ஆனால் விதர்ஸே இல்லாத உருண்டை முதுகில் பிடிமானம் குறைவு. ஏறும்போது முழுதாகச் சுற்றிவிடும். கனத்த ஆளுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்கு 18 அங்குல இருக்கை வேண்டும். குதிரைக்கு முதுகு குட்டை. என்ன செய்வது?

குதிரையின் முதுகுதான் தீர்மானிக்கும். இருக்கை அளவு உங்களுக்கு, பேனலின் நீளம் குதிரைக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பதால் சின்ன வழி இருக்கிறது. பின்பக்கம் மேல்நோக்கி வளைந்து முடியும் பேனல் உள்ள சேணத்தில் 17.5 அங்குல இருக்கைகூட 17-க்கான இடத்தில் அடங்கும். தொடை நீளமானவர்களுக்கு இடிப்பது பெரும்பாலும் இருக்கை அல்ல, முழங்கால் பக்கத்து மடல். மடல் முன்னோக்கி வெட்டிய மாடலைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அதோடு, ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக வைத்திருக்கும் உச்சவரம்பு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. அதுவும் குதிரை இருக்க வேண்டிய எடையில் கணக்கிடுங்கள், கொழுப்பைச் சேர்க்காதீர்கள்.

சென்னை வானிலைக்குத் தோலா, சிந்தெடிக்கா?

சவாரிப் பள்ளிக்கும் மழையில் போகிறவர்களுக்கும் சிந்தெடிக். குழாயடியில் கழுவி நிழலில் மாட்டிவிடலாம், எடையும் குறைவு. தோல் சேணம் காலத்துக்கும் நிற்கும், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் நான்கு நாள் தொடாமல் விட்டால் பச்சைப் பூஞ்சை பூத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்காதீர்கள். பருத்தித் துணி போர்த்தி, காற்றோட்டமான அறையில், சுவரை ஒட்டாமல் மாட்டுங்கள். ஏறி இறங்கியதும் வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, கிளிசரின் சோப்பு லேசாகப் போடுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். தேங்காய் எண்ணெயை அப்பும் பழக்கத்தை விடுங்கள். தோல் தொளதொளத்து, தையல் இற்றுப்போகும்.

பழுதுபார்க்க வார், பக்கிள், தோல் தேவைப்பட்டால் பெரியமேட்டில் கிடைக்கும். அங்கே போய்த் தேடுவது தனி சந்தோஷம், ஒரு காலைப்பொழுது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வியர்வைத் தடத்தைப் பார்த்தே சேணம் பொருந்துகிறதா என்று சொல்லலாமா?

ஓரளவு. நம் ஊர் புழுக்கத்தில் குதிரை நனையாத இடமே இருக்காது, அதனால் காலை வெயில் ஏறுமுன் போய்ப் பாருங்கள். சுத்தமான வெள்ளைத் துணியைச் சேணத்துக்கடியில் போட்டு, இருபது நிமிடம் நடையும் டிராட்டும் (மெதுவான ஓட்டமும்) போய்விட்டு, துணி நகராமல் எடுங்கள். இரண்டு பக்க அழுக்கும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்திருந்தால் நல்லது. நடுவில் தண்டுவடக் கோடு சுத்தமாக இருக்க வேண்டும். ஈரத்தின் நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே ஒன்று சேணம் படவே இல்லை, அல்லது வியர்வை சுரக்காத அளவுக்கு அழுத்துகிறது. விரலால் அழுத்திப் பாருங்கள். குதிரை முதுகை உள்வாங்கினால் இரண்டாவதுதான்.

கறுப்பு, பழுப்புக் குதிரைகளில் விதர்ஸ் ஓரமாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய அழுத்தத்தின் தழும்பு. பெரும்பாலும் மறையாது. அது இப்போதைய சேணத்தால் வந்ததா, முந்தைய உரிமையாளர் காலத்ததா என்பதை முடியே சொல்லாது. ஆகவே அதை வைத்துச் சேணத்தைக் குறை சொல்ல முடியாது. புதிதாக வீக்கம், சூடு, முடி உதிர்வு தெரிந்தால் ஆறும்வரை சேணம் வேண்டாம். கயிற்றில் நடத்துங்கள், போதும்.

ஒருமுறை பொருத்திவிட்டால் எவ்வளவு காலம் தாங்கும்?

புதுக் கம்பளித் திணிப்பு முதல் சில வாரங்களிலேயே அமுங்கும். இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறை திறந்து சரிசெய்தாக வேண்டும். பிறகு ஆண்டுக்கு இருமுறை. சித்திரை வெயிலில் இளைத்திருக்கும்போது ஒரு கோடு, மழைக்காலத்தில் நின்று தின்று பருத்தபின் ஒரு கோடு என்று எடுத்து, பழைய பேப்பரின் மேலேயே வேறு நிறத்தில் வரையுங்கள். விரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் தகட்டையோ திணிப்பையோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. வளரும் வயதுக் குதிரை, நீண்ட ஓய்வுக்குப் பின் வேலைக்குத் திரும்பும் குதிரை இரண்டுக்கும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

குழந்தைக்கு மட்டக்குதிரை வாங்கியிருக்கிறோம். இவ்வளவெல்லாம் தேவையா?

இன்னும் கூடுதலாகத் தேவை. மட்டக்குதிரைதான் எல்லாவற்றையும்விட உருண்டை, ஏறுகிற குழந்தைக்குச் சமநிலையும் குறைவு. சேணம் சுற்றினால் குழந்தை அடியில் போகும். மெரினாவில் மெத்தையும் துணியும் கட்டி ஓட்டுவதைப் பார்த்து அதுபோதும் என்று நினைக்காதீர்கள். அங்கே ஒருவர் கூடவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சின்ன அளவில் ஹூப் ட்ரீயும் முன்பட்டையும் உள்ள சிந்தெடிக் சேணம், வழுக்காத அடித்துணி, தேவைப்பட்டால் கிரப்பர். அங்கவடி, கால் சிக்கினால் கழன்றுகொள்ளும் வகையாக இருக்கட்டும். பெரிய சேணத்தில் குழந்தையை உட்கார வைத்து, வளர்ந்தபின் பொருந்தும் என்று கணக்குப் போடாதீர்கள். மட்டக்குதிரையின் முதுகில் பெரிய சேணம் இடுப்புவரை போய் உட்காரும்.